கசாயச் சீட்டைப் பொடியாக்கலாமா? சீன மூலிகைப் பொடிகளைப் பாதுகாப்பாகத் தயாரிப்பதும் உட்கொள்வதும்

சிங்கப்பூரில் வசிக்கும் ஒருவர் கேட்டிருப்பது இது. அவருடைய அம்மாவுக்கு 68 வயது. முழங்கால் வலியால் அவதிப்படுகிறார். இதயத் துடிப்புக் கோளாறுக்காக வார்ஃபரின் என்னும், இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையும், இரத்த அழுத்தத்துக்கு வேறொரு மாத்திரையும் எடுத்து வருகிறார். அதே மாடியில் குடியிருக்கும் சீனப் பெண்மணி, தமக்குச் சீன மருத்துவர் எழுதிக் கொடுத்த கசாயச் சீட்டைத் தந்து, "எனக்கு நன்றாகக் கேட்டது" என்று சொல்லியிருக்கிறார். சீட்டில் ஃபூசி, ஷீஷின், தாங்குய், சுவான்ஷியோங், ஷூதி, தூஹுவோ, கான்சாவ் என ஏழு சரக்குகள். நாள்தோறும் மண்சட்டியில் வைத்துக் கொதிக்கவிட நேரமில்லை என்பதால், எல்லாவற்றையும் மிக்ஸியில் அரைத்து வைத்துக்கொண்டு காலையும் மாலையும் ஒரு தேக்கரண்டி வெந்நீரில் கலக்கிக் கொடுக்கலாமா, நம் சூரணமும் அப்படித்தானே என்பது அவர் கேள்வி.

அந்தச் சீட்டைப் பொடியாக்க வேண்டாம். உங்கள் அம்மாவுக்கு அதைக் கசாயமாகவும் கொடுக்க வேண்டாம். சீன மருத்துவத்தில் பொடி மருந்து தவறான வடிவம் என்பதால் இப்படிச் சொல்லவில்லை. அது மிகப் பழைய, மதிப்புள்ள வடிவம். ஆனால் கசாயத்துக்காக எழுதப்பட்ட சீட்டும் பொடிக்காக எழுதப்பட்ட சீட்டும் வேறு வேறு. ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது சமையலறையில் நாமாகச் செய்துகொள்ளக்கூடிய காரியமல்ல. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே விளக்குகிறேன்.

சீன மருத்துவர்கள் கசாயத்தைத் 'தாங்' என்றும், பொடியைச் 'சான்' என்றும், உருண்டையை 'வான்' என்றும் அழைக்கிறார்கள். கசாயம் அடித்துத் துடைக்கும், பொடி கலைத்து விரட்டும், உருண்டை மெல்ல வேலை செய்யும் என்பது 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த லீ தோங்யுவான் என்னும் மருத்துவரின் பெயரால் வழங்கிவரும் கருத்து. ஏறத்தாழ 1800 ஆண்டுகளுக்கு முன் ஜாங் ஜோங்ஜிங் வகுத்த ஊலிங் சான் என்னும் பொடியை, அரிசிக் கஞ்சித் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு மேலும் வெந்நீர் அருந்தச் சொல்லியிருக்கிறார். அவர் அந்தப் பொடிக்கு அளவாகச் சொன்னது, ஒரு சதுர அங்குல முகமுள்ள சிறு கரண்டி ஒன்று. அதே மருத்துவர் கசாயங்களை எழுதும்போது சரக்குகளைப் பல மடங்கு கூடுதலாக நிறுத்துப் போடச் சொல்கிறார். அளவில் இருக்கும் இந்த வேறுபாட்டைக் கவனியுங்கள்.

கசாயம் காய்ச்சும்போது சட்டி மூன்று வேலைகளைச் செய்கிறது. நீரில் கரைபவற்றை மட்டும் வெளியே எடுக்கிறது. ஆவியாகக்கூடிய எண்ணெய்களில் ஒரு பகுதியைப் போக்குகிறது. வெப்பத்தால் சிதையும் நஞ்சுகளைச் சிதைக்கிறது, கிருமிகளையும் பெரும்பாலும் கொல்கிறது. கடைசியில் வடிகட்டி சக்கையை நிறுத்திக்கொள்கிறது. பொடியை உண்ணும்போது சட்டியும் இல்லை, வடிகட்டியும் இல்லை. வேரில் என்னென்ன இருந்ததோ அத்தனையும், அதாவது மருந்துப் பொருள், எண்ணெய், நஞ்சு, ஒட்டிய மண், பூச்சிமருந்தின் மிச்சம், பூஞ்சை வித்துகள் ஆகிய எல்லாமே வயிற்றுக்குள் போகின்றன. பொடியின் பலமும் ஆபத்தும் இந்த ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன.

உங்கள் சீட்டின் முதல் சரக்கையே எடுத்துக்கொள்வோம். ஃபூசி என்பது அகோனைட் செடியின் பக்கக் கிழங்கு. நம் நாட்டு மருந்தில் வச்சநாபி என்று அறியப்படும் செடியின் நெருங்கிய உறவு. இதிலுள்ள அகோனிட்டின் என்னும் நஞ்சு இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும். தூய அகோனிட்டின் 2 மில்லிகிராம் அளவே ஒருவரைக் கொல்லப் போதுமானது. நீரில் நெடுநேரம் கொதிக்கும்போது இது படிப்படியாகச் சிதைந்து, பல நூறு மடங்கு நஞ்சு குறைந்த பொருளாக மாறுகிறது. அதனால்தான் ஃபூசி உள்ள சீட்டில், மற்றச் சரக்குகளைப் போடுவதற்கு முன் அதைத் தனியே ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ கொதிக்கவிடச் சொல்கிறார்கள். கடையில் கிடைப்பது பக்குவம் செய்யப்பட்ட ஃபூசிதான் என்றாலும், எஞ்சிய நஞ்சைப் போக்கும் கடைசிப் படி உங்கள் அடுப்பில்தான் நடக்கிறது. மிக்ஸியில் அரைத்தால் அந்தப் படியை முழுவதுமாகத் தாண்டிப் போய்விடுகிறீர்கள்.

இரண்டாவது சரக்கான ஷீஷின் இன்னும் நல்ல பாடம். "ஷீஷின் ஒரு ச்சியெனுக்கு மேல் போகக்கூடாது" என்பது சீன மருந்துக் கடைகளில் எல்லோருக்கும் தெரிந்த சொல். ச்சியென் என்பது பழைய சீன எடை, மூன்று கிராமுக்குச் சற்று மேற்பட்டது. இந்த எச்சரிக்கையின் மூலம் சோங் அரசர் காலத்து மருத்துவர் ஒருவரின் குறிப்பு. அவர் எச்சரித்தது, ஷீஷினைத் தனியாகப் பொடித்து உண்பவர்களை. அப்படி உண்பவர் அரை ச்சியென் கரண்டியைத் தாண்டினால் மூச்சு அடைத்து இறக்கக்கூடும் என்கிறார். கசாயத்தில் மருத்துவர்கள் அதைக் கூடுதலாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஏனெனில் ஷீஷினின் காரமான எண்ணெயிலுள்ள சாஃப்ரோல் என்னும் பொருள் கொதியில் ஆவியோடு குறைந்துவிடும். இன்றைய சீன அரசின் மருந்துநூலும் இந்த வேறுபாட்டைக் கைவிடவில்லை. கசாயத்துக்கு 1 முதல் 3 கிராம், பொடியாக உண்டால் ஒரு வேளைக்கு 0.5 முதல் 1 கிராம் என்று தனித்தனியே எழுதுகிறது. நஞ்சற்ற சரக்குகளுக்கும் இது பொருந்தும். சான்ச்சி என்னும் கிழங்குக்குக் கசாயத்தில் 3 முதல் 9 கிராம், பொடியில் ஒரு வேளைக்கு 1 முதல் 3 கிராம் என்றிருக்கிறது. கசாயச் சீட்டில் கண்ட எடையைப் பொடிக்கும் அப்படியே எடுத்துக்கொள்வது, மருந்தைத் தெரியாமல் இரண்டு மூன்று மடங்காக்குவதாகும்.

சீன மொழி படிக்கத் தெரியாதவர்களும் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய ஒரு வழி உண்டு. சீட்டில் ஒவ்வொரு சரக்கின் பக்கத்திலும் சிறிய எழுத்தில் சில குறிப்புகள் இருக்கும். 'ஷியென்ஜியென்' என்றால் முதலில் தனியே கொதிக்கவிடு என்று பொருள். 'ஹோவ்ஷியா' என்றால் இறக்கும் நேரத்தில் சேர் என்று பொருள். புதினா போன்ற மணச் சரக்குகளுக்கு இப்படி எழுதுவார்கள். 'பாவ்ஜியென்' என்றால் துணியில் முடிந்து போடு. 'சோங்ஃபூ' என்றால் பொடியை நீரில் கலந்து அப்படியே குடி. கடைக்காரரிடம் இந்த நான்கையும் கேட்டு, தமிழில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சோங்ஃபூ என்று குறித்த சரக்கை மட்டுமே அந்த மருத்துவர் பொடியாக உண்ணச் சொல்லியிருக்கிறார். ஷியென்ஜியென் என்று குறித்தது எதுவாயினும் அது மிக்ஸிக்குள் போகக்கூடாது.

நம் சூரணமும் அப்படித்தானே என்று கேட்டிருந்தீர்கள். அப்படியல்ல. சித்த மருத்துவத்திலும் ஒவ்வொரு சரக்கையும் அதற்குரிய முறையில் சுத்தி, அதாவது நஞ்சு நீக்கும் பக்குவம், செய்த பிறகுதான் இடிக்கிறார்கள், பிறகு வஸ்திரகாயம் செய்கிறார்கள், அதாவது துணியில் சலிக்கிறார்கள், அதற்கென்று சொன்ன அனுபானத்தோடு, அதாவது தேன், பால் போன்ற துணைப்பொருளோடுதான் தருகிறார்கள். சீனர்கள் இந்தச் சுத்தியை 'பாவ்ஜ்ர்' என்கிறார்கள். பான்ஷியா என்னும் கிழங்கைப் பச்சையாக உண்டால் தொண்டை வீங்கி எரியும். இஞ்சியோடும் படிகாரத்தோடும் பக்குவம் செய்த பிறகே உள்மருந்தாகும். ஹஷோவூ என்னும் கிழங்கைக் கறுப்புச் சோயா மொச்சையின் சாற்றில் வேகவைத்துப் பக்குவம் செய்கிறார்கள். அதன் பிறகும்கூட அதனால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கிறார்கள். நம் எட்டி விதை அங்கே மாச்சியென்சி. நம் நேர்வாளம் அங்கே பாதோவ். இவற்றை வீட்டில் பொடிக்க நீங்கள் துணிய மாட்டீர்கள். பெயர் வேறாக இருப்பதால் அங்கே துணிவு வந்துவிடக்கூடாது.

அப்படியானால் கசாயம் காய்ச்ச நேரமில்லாதவர் என்ன செய்வது? இதற்குச் சீனர்களே கண்ட நல்ல விடை ஒன்று உண்டு. சோங் அரசர் காலத்தில் 'ஜூசான்', அதாவது கொதிக்கவைக்கும் பொடி, நாடெங்கும் பரவியிருந்தது. தம் காலத்தில் கசாயம் அருகி, எங்கும் கொதிக்கவைக்கும் பொடியே வழங்குகிறது என்று 11-ஆம் நூற்றாண்டின் அறிஞர் ஷென் குவோ குறித்திருக்கிறார். அதே நூற்றாண்டின் மருத்துவர் பாங் ஆன்ஷ்ர் அதற்குக் காரணமும் சொல்கிறார்: தாங் அரசின் பிற்காலத்துப் போர்களால் பாதைகள் அடைபட்டு, தொலைநாட்டுச் சரக்குகள் வராமல் போனதால், இருக்கும் சரக்கைச் சிக்கனமாகப் பயன்படுத்த மருத்துவர்கள் இந்த முறைக்கு மாறினார்களாம். சரக்கைக் கரகரப்பாக இடித்து, சிறிதளவை நீரில் போட்டுச் சற்று நேரம் கொதிக்கவிட்டு, வடித்துக் குடிப்பதே இம்முறை. பரப்பு கூடுவதால் குறைந்த சரக்கே போதும், குறைந்த நேரமும் போதும். 1798-இல் வூ ஜூதோங் வெளியிட்ட யின்ச்சியாவ் சான் என்னும் காய்ச்சல் மருந்து பெயரளவில் பொடிதான். ஆனால் நாணல்வேர்ச் சாற்றில் கொதிக்கவிட்டு, மணம் நன்றாக எழுந்ததும் இறக்கிக் குடிக்க வேண்டும், அதற்கு மேல் கொதிக்கவிடக் கூடாது என்பது அவர் கட்டளை. நெடுநேரக் கொதி தேவைப்படும் நஞ்சுச் சரக்கு எதுவும் இல்லாத சீட்டாக இருந்து, எழுதிய மருத்துவரும் ஒப்புக்கொண்டால், இந்த வழியையே நான் முதலில் பரிந்துரைப்பேன். துணிப்பையில் முடிந்து போட்டால் வடிப்பதும் எளிது.

மற்றொரு வழி, தொழிற்சாலையில் கசாயத்தைச் சுண்டவைத்து உலர்த்திய துகள். தைவானிலும் ஜப்பானிலும் பெரும்பாலோர் உண்பது இதைத்தான். ஜப்பானில் 1976 முதல் இவை அரசு மருத்துவக் காப்பீட்டில் பரவலாக இடம்பெற்றுள்ளன. இன்று 148 கலவைகள் அதில் உள்ளன. இங்கே பலர் சறுக்கும் இடம், இதையும், சரக்கை அப்படியே அரைத்த பச்சைப் பொடியையும் ஒன்றாக எண்ணுவது. தைவானியத் துகளில் 1 கிராம் பொதுவாக 5 கிராம் சரக்குக்குச் சமம் என்ற கணக்கில் சுண்டவைத்து, மாவு சேர்த்துத் தயாரிக்கிறார்கள். பச்சைப் பொடியில் 1 கிராம் என்பது 1 கிராம்தான். ஆகவே டப்பாவில் இருப்பது சுண்டிய துகளா, அரைத்த சரக்கா என்பதைக் கேட்டு, அதன் மேலேயே எழுதி ஒட்டுங்கள். தொழிற்சாலைத் துகள் என்பதால் ஆபத்தே இல்லை என்றும் நினைக்கக் கூடாது. ஷியாவ்சாய்ஹு என்னும் புகழ்பெற்ற கலவையை உண்ட ஜப்பானியக் கல்லீரல் நோயாளிகளில் சிலருக்கு ஒருவகை நுரையீரல் அழற்சி வந்து, 10 பேர் இறந்ததையடுத்து, 1996-இல் அந்நாட்டு அரசு அவசர எச்சரிக்கை வெளியிட வேண்டியிருந்தது.

இனி, பொடியாகவே உண்ண வேண்டும் என்று பதிவுபெற்ற சீன மருத்துவர் எழுதிக் கொடுத்த ஒரு சீட்டை வீட்டில் தயாரிப்பது எப்படி என்பதற்கு வருகிறேன். கடையிலேயே அரைத்துத் தரும் இயந்திரம் இருக்கும். அதில் உங்களுக்கு முன் எது அரைக்கப்பட்டது என்று கேட்கத் தயங்காதீர்கள். வீட்டில் அரைப்பதானால் மருந்துக்கென்று தனி மிக்ஸி ஜார் வேண்டும். மசாலா அரைத்த ஜாரில் மருந்தும், மருந்து அரைத்த ஜாரில் மறுநாள் மசாலாவும் அரைப்பது இரண்டையும் கெடுக்கும். சரக்கைப் பிரித்துப் பரப்பி, புழு, பூஞ்சை, மண், வேறு செடியின் துண்டு ஆகியவை இல்லை என்று உறுதி செய்யுங்கள். 50 முதல் 60 டிகிரி வெப்பத்துக்கு மேற்படாமல் உலர்த்துங்கள்; மணச் சரக்கை அந்த அளவுக்கும் சூடாக்காமல் நிழலில் உலர்த்துவது நல்லது. ஒடித்தால் சடக்கென்று ஒடிய வேண்டும், வளையக் கூடாது. ஷூதி போன்ற பசையான சரக்கைத் தனியே அரைத்தால் களியாகிவிடும். உலர்ந்த பிற சரக்குகளின் பொடியோடு சேர்த்துப் பிசைந்து, மறுபடி உலர்த்தி, பிறகே அரைக்க வேண்டும். எண்ணெய் விதைகளையும் அப்படியே பிற பொடியோடு கலந்துதான் அரைப்பார்கள்.

சலிப்பது அலங்காரத்துக்காக அல்ல. உள்ளுக்கு உண்ணும் பொடியை அங்குலத்துக்கு 80 கண்கள் உள்ள சல்லடையில் சலிக்க வேண்டும்; மேலே தங்கும் நாரைத் தூக்கி எறியாமல் மறுபடி அரைத்துச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் கலவையின் விகிதம் மாறிவிடும். கலக்கும் முறை இன்னும் முக்கியம். அரை கிராம் சரக்கை நூறு கிராம் பொடியில் கொட்டிக் கரண்டியால் கிளறினால், அது ஒரு மூலையில் திரண்டு நிற்கும். ஒரு நாள் எதுவும் இருக்காது, மறுநாள் முழுவதும் ஒரே வேளையில் வந்துவிடும். ஆகவே குறைந்த அளவுள்ள சரக்கைக் கல்வத்தில் இட்டு, அதற்குச் சம அளவு பிற பொடியைச் சேர்த்து அரைத்து, பிறகு அந்த மொத்தத்துக்குச் சம அளவு சேர்த்து அரைத்து, இப்படியே பெருக்கிக்கொண்டு போக வேண்டும். அரைக்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். சின்னபாரம் (சாதிலிங்கம் என்னும் பாதரசத் தாது) போன்ற தாதுப் பொருள்கள் எதையும் வீட்டில் தொடவே வேண்டாம். அதைச் சூடாக்கினால் பாதரச ஆவி எழும்.

அளவைக் கரண்டியில் எடுக்காதீர்கள். பூவின் பொடியும் வேரின் பொடியும் சிப்பியின் பொடியும் ஒரே கரண்டியில் வெவ்வேறு எடை நிற்கும். 0.1 கிராம் காட்டும் சிறு மின்தராசு வாங்கி, ஒரு வாரத்துக்குரிய வேளைகளை நிறுத்துத் தனித்தனிப் பொட்டலமாக மடித்து வையுங்கள். எடையின் பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. சீனாவில் 1979 முதல் ஒரு ச்சியெனை 3 கிராமாகக் கொள்கிறார்கள். சிங்கப்பூர், மலேசியா, ஹாங்காங் ஆகிய இடங்களின் பழைய கடைத் தராசில் அது 3.7 கிராமுக்குச் சற்று மேல். சீட்டு எந்த ஊரில் எழுதியது என்பதைப் பொறுத்து மருந்து கால் பங்கு கூடலாம். கிராமில் எழுதித் தரும்படி கேளுங்கள்.

சித்த மருத்துவம் சூரணத்துக்கு மூன்று மாத ஆயுள் சொல்கிறது. நம் ஊர் ஈரப்பதத்தில் சீனப் பொடிக்கும் அதையே மேல் எல்லையாகக் கொள்வேன். ஒரு மாதத்துக்குத் தேவையானதை மட்டும் தயாரிப்பது அதைவிட நல்லது. இறுக மூடும் கண்ணாடிப் புட்டியில், வெயில் படாத இடத்தில், பெயரும் நாளும் எழுதி வையுங்கள். கட்டி தட்டினாலோ வாடை மாறினாலோ மீண்டும் உலர்த்திப் பயன்படுத்தாமல் கொட்டிவிடுங்கள். உண்ணும்போது வெறும் பொடியை வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கக் கூடாது; முதியவர்களுக்குப் புரையேறி மூச்சுக்குழாயில் போய்விடும். சிறிது வெந்நீரில் குழைத்து, கூழ் போலாக்கி, மேலும் நீர் ஊற்றிக் கலக்கிக் குடிக்க வேண்டும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனில் குழைத்து எதையும் கொடுக்கக் கூடாது. மருத்துவர் சொல்லாமல் கைக்குழந்தைக்குச் சீனப் பொடி எதையுமே கொடுக்கக் கூடாது. ஜி6பிடி என்னும், இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதி குறைபாடுள்ள குழந்தைகளுக்குக் கடும் மஞ்சள் காமாலை வருவதைக் கண்டு, ஹுவாங்லியென் என்னும் கசப்பு வேரையும் அதிலுள்ள பெர்பரினையும் 1978-இல் சிங்கப்பூர் தடை செய்தது. அந்தத் தடை 2013 முதல் படிப்படியாக நீங்கிவிட்டாலும், அக்குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு இன்றும் எச்சரிக்கை உண்டு.

சரக்கு சரியான சரக்குதானா என்பது எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி. பொடியான பிறகு அதைக் கண்ணால் கண்டறிய முடியாது. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில், உடல் இளைப்பதற்காகச் சீன மூலிகைப் பொடி அடைத்த கேப்சூல்களை உண்ட நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் பழுதடைந்தது. 'ஃபாங்ஜி' என்ற பெயரில் ஒரு செடிக்குப் பதிலாக வேறொரு செடி வந்து கலந்துவிட்டதே காரணம். வந்து சேர்ந்த செடியில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருந்தது. பின்னர் சிறுநீரகங்களை அகற்றிக்கொண்டு ஆய்வுக்கு உட்பட்ட 39 பேரில் 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் கண்டது. அந்தக் குடும்பத்துச் செடிகள் நம்மிடமும் உள்ளன; ஆடுதின்னாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அவைதான். ஆகவே முழுச் சரக்காகப் பார்த்து வாங்கி, பார்த்தபடி அரைப்பதே நல்லது. முன்பே அரைத்துப் பெயரில்லாத பையில் விற்பதை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். ஒரே நாளில் வலி பறந்தது என்று சொல்லப்படும் பெயரில்லாப் பொடியில் ஸ்டீராய்டோ வலிமாத்திரையோ கலந்திருக்கக்கூடும்.

இப்போது உங்கள் அம்மாவைப் பற்றி. ஃபூசியையும் ஷீஷினையும் நீக்கிவிட்டாலும் அந்தச் சீட்டு அவருக்கு ஆகாது. தாங்குய் வார்ஃபரினின் வேலையைக் கூட்டி இரத்தக் கசிவை உண்டாக்கக்கூடும். சுவான்ஷியோங்கும் இரத்தத்தை இளக்கும் சரக்காகவே பயன்படுகிறது. கான்சாவ் என்பது நம் அதிமதுரத்தின் இனம். அது உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தை இறக்கி, இரத்த அழுத்தத்தை ஏற்றும். ஜப்பானில் நாளுக்கு 2.5 கிராமும் அதற்கு மேலும் அதிமதுரம் உள்ள கலவைகளுக்குத் தனி எச்சரிக்கை அச்சிடுகிறார்கள். சீனக் கலவைகளில் பெரும்பாலானவற்றில் கான்சாவ் இருப்பதால், இரண்டு பொடிகளைச் சேர்த்து உண்பவர் தமக்குத் தெரியாமலே அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறார்.

அவருக்குச் சீன மருத்துவம் பார்க்க விருப்பமிருந்தால், சிங்கப்பூரில் சீன மருத்துவர்களுக்கான 2000-ஆம் ஆண்டின் சட்டப்படி பதிவுபெற்ற சீன மருத்துவரிடம் நேரில் அழைத்துச் செல்லுங்கள். எல்லா மாத்திரை அட்டைகளையும், கடைசியாக எடுத்த ஐ.என்.ஆர். பரிசோதனை (இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டுவது) முடிவையும் கையில் கொண்டு போங்கள். அவர் ஏதேனும் எழுதிக் கொடுத்தால், தொடங்கும் முன் வார்ஃபரின் தரும் மருத்துவமனைக்கும் தெரிவியுங்கள். புதிய மருந்து தொடங்கிய பின் அந்தப் பரிசோதனையை வழக்கத்தைவிடச் சீக்கிரமாகச் செய்ய வேண்டியிருக்கும். ஏற்கெனவே அரைத்து ஒரு வேளையாவது கொடுத்திருந்தால், உதடும் நாக்கும் மரத்துப்போவது, கைகால் கூச்சம், வாந்தி, படபடப்பு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காமல் 995-ஐ அழையுங்கள். பொடியையும் சீட்டையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். அகோனைட்டுக்கு மாற்றுமருந்து கிடையாது, ஆனால் இதயத் துடிப்பைக் கண்காணித்துச் சிகிச்சை தந்தால் காப்பாற்ற முடியும்.

முழங்காலுக்கு வெளியே ஏதாவது தடவலாமே என்று அடுத்துத் தோன்றும். பச்சை நிறத்தில் காரமாக மணக்கும் மருந்து எண்ணெய்களில் பலவற்றில் மெத்தில் சாலிசிலேட் இருக்கிறது. அதையும் தாராளமாகத் தேய்த்தால் தோல் வழியே உள்ளே போய் வார்ஃபரினின் வேலையைக் கூட்டும். அந்தப் புட்டியையும் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.